ஊதாத் தோலில் ஒரு திருமண ஆவணம்

இடைக்கால அரச குடும்பத் திருமணங்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "அரசியல் பேரத்தில் கைமாறிய பெண், பாவம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். கிழக்கு ரோமப் பேரரசான பைசாந்தியத்திலிருந்து ஜெர்மானிய அரச குடும்பத்துக்கு மருமகளாகச் சென்ற பேரரசி தியோஃபானுவைப் பற்றிப் படித்தபின், அந்த வரியில் பாதிதான் உண்மை என்று எனக்குத் தோன்றுகிறது.

பேரம் நடந்தது மெய்தான். ஜெர்மானிய அரசர் முதலாம் ஓட்டோ 962-இல் ரோமில் பேரரசராக முடிசூடிய பிறகும், பைசாந்தியத் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிள் அவரை வெறும் அரசராகவே மதித்தது. அங்கிருந்து மகனுக்குப் பெண் எடுத்தால் பட்டத்துக்கும் ஒப்புதல் கிடைக்கும், இரு பேரரசுகளுக்கும் இடையிலான தென் இத்தாலியச் சண்டையும் ஓயும் என்று கணக்குப் போட்டு, 968-இல் கிரெமோனா ஆயர் லியுட்பிராண்டைத் தூது அனுப்பினார். பைசாந்தியப் பேரரசர் நிகெபோரோஸ் அவரை அவமதித்துத் திருப்பி அனுப்பினார். அடுத்த ஆண்டே நிகெபோரோஸைக் கொன்று அரியணை ஏறிய யோவான் சிமிஸ்கெஸ் சம்பந்தத்துக்கு இசைந்தாலும், அனுப்பிவைத்தது கேட்ட இளவரசியை அல்ல, தம் உறவுக்காரப் பெண்ணான தியோஃபானுவை. "இவளைத் திருப்பி அனுப்பிவிடலாம்" என்று அரசவையில் சிலர் சொன்னதாக அக்கால வரலாற்றாசிரியர் தியட்மார் எழுதுகிறார். ஓட்டோ அதை ஏற்கவில்லை. 972 ஏப்ரல் 14 அன்று ரோமில் திருமணம் நடந்தேறியது.

அன்று எழுதிய ஆவணம் இன்றும் ஜெர்மனியின் வோல்ஃபன்பூட்டல் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளத் தோலைப் பட்டுத்துணி போலத் தோன்றும்படி ஊதாவில் தீட்டி, வட்ட வட்டமாகச் சிங்கங்கள் இரையைக் கவ்வும் உருவங்களை வரைந்து, அவற்றின் மேல் பொன் எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். அழகில் மயங்குபவர்கள் உள்ளே இருப்பதையும் படிக்க வேண்டும். இஸ்திரியா, பெஸ்காரா முதல் 14,000 பண்ணை நிலங்கள் கொண்ட நிவெல் மடம் வரை தியோஃபானுவின் பெயருக்கு எழுதிவைக்கப்பட்டன. சில ஆண்டுகளில் அரசு ஆவணங்கள் அவரை "இணைப்பேரரசி" என்றே குறிப்பிட்டன.

983 டிசம்பரில் கணவர் இரண்டாம் ஓட்டோ ரோமில் இறந்தபோது, மகனுக்கு வயது மூன்று. பவேரியாவின் ஹென்ரி குழந்தையைக் கைப்பற்றித் தானே அரசனாக முனைந்தார். தியோஃபானுவும் மாமியார் அடெல்ஹெய்டும் மைன்ஸ் பேராயர் வில்லிகிஸின் துணையோடு 984 ஜூனில் குழந்தையை மீட்டார்கள். வெறும் பரிசுப் பொருளாக வந்தவருக்கு இது இயன்றிருக்குமா? அதன்பின் ஆட்சிப் பொறுப்பு அவர் கையில்தான். 990-இல் இத்தாலியில் வெளியிட்ட ஓர் ஆணையில் தம் பெயரையே ஆண்பாலாக்கி "பேரரசர் தியோஃபானியுஸ்" என்று எழுதவைத்தார். அதைப் புரட்சி என்று பலர் கொண்டாடுகிறார்கள். எனக்கோ அது, அதிகாரத்துக்கு ஆண்பால் சொல் மட்டுமே வைத்திருந்த அலுவல் மொழியின் குறையாகவே படுகிறது.

மாமியாரோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. "இன்னும் ஓராண்டு உயிரோடிருந்தால், அடெல்ஹெய்டின் ஆட்சி ஓர் உள்ளங்கை அளவுக்கு மிஞ்சாது" என்று அவர் சூளுரைத்ததாக குளூனி மடத்தலைவர் ஒதிலோ எழுதினார். ஒதிலோ அடெல்ஹெய்டின் புகழ்பாடி என்பதால் இதைப் பாதிதான் நம்பலாம். சொல்லி நான்கு வாரத்துக்குள் தியோஃபானு இறந்தார் என்றும் அவரே சேர்க்கிறார். 991 ஜூன் 15, நைமேகன் நகரில் அந்தச் சாவு நேர்ந்தது. குழந்தையும் ஆட்சியும் மாமியார் கைக்குப் போயின.