மீடியம் சைஸுக்கு மூணு பாட்டு

(திருப்பூர் காதர்பேட்டை. எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் பனியன் கடை. தொங்கும் பனியனில் அலையலையாய் வெள்ளைக் கோடுகள்.)

கடைக்காரர்: ஏனுங் தம்பி, வாங்க வந்த புள்ளயை இப்படி வெரட்டி உட்டுட்டீங்களே?

தம்பி: நான் எங்கண்ணா விரட்டினேன்? இந்தப் பனியன்ல இருக்கறது ஜாய் டிவிஷன்ங்கற இங்கிலாந்து ராக் பேண்டோட படம். ‘அவங்க பாட்டு மூணு சொல்லுங்க’ன்னு கேட்டேன். ஒண்ணுகூடத் தெரியல.

கடைக்காரர்: மீடியம் இருக்குதான்னு கேட்டுச்சு. அதுக்கு மூணு பாட்டுங்களா? எக்ஸ்எல் கேட்டா அஞ்சா?

தம்பி: இது வெறும் டிசைன் இல்லண்ணா. 1979-ல வந்த ‘அன்னோன் பிளஷர்ஸ்’ ஆல்பத்தோட அட்டை. முன்பக்கம் பேண்டு பேரே கிடையாது.

கடைக்காரர்: நான் மலைன்னு நெனச்சனுங். ஒருத்தர் ஈசிஜின்னாரு. ரெண்டு வாங்கிட்டுப் போனாரு.

தம்பி: பல்சர்ணா அது!

கடைக்காரர்: பைக்குங்களா?

தம்பி: நட்சத்திரம்! 1967-ல கேம்பிரிட்ஜ்ல ஜோசலின் பெல்னு ஒரு ஆராய்ச்சி மாணவி கண்டுபிடிச்சது. சுமார் 1.34 செகண்டுக்கு ஒரு தடவை ரேடியோ துடிப்பு வரும். அப்படி 80 துடிப்பை ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா அடுக்கின படம்.

கடைக்காரர்: அட! இதை அந்தப் புள்ளகிட்டச் சொல்லியிருந்தா தங்கச்சிக்கும் சேர்த்து வாங்கியிருக்கும். நீங்க வாத்தியாராட்டம் கேள்வியில்ல கேட்டீங்க.

தம்பி: சரி, இது எந்த லேபிள்னாவது உங்களுக்குத் தெரியுமா?

கடைக்காரர்: லேபிளை வெட்டிட்டமுங். ஆர்டர் கேன்சலான சரக்கு, கழுத்துல லேபிளோட விக்க முடியாது.

தம்பி: ரெக்கார்டு லேபிள்ணா! பாட்டு வெளியிடற கம்பெனி. ஃபாக்டரி ரெக்கார்ட்ஸ். மான்செஸ்டர், 1978.

கடைக்காரர்: நூல் ஊருங்களா? அப்ப நம்மாளுதான், சொல்லுங்.

தம்பி: டோனி வில்சன்னு ஒரு டிவிக்காரரும் கூட்டாளிகளும் ஆரம்பிச்சது. பெரிய கம்பெனி எல்லாம் லண்டன்ல. இவங்க மான்செஸ்டர்லயே உட்கார்ந்துக்கிட்டாங்க. எதைச் செஞ்சாலும் ஒரு நம்பர். முதல் போஸ்டருக்கு 1. இந்த ஆல்பத்துக்கு 10. அவங்க நடத்தின ஹசியெண்டா கிளப்புக்கு 51.

கடைக்காரர்: ஸ்டைல் நம்பர். எங்களுக்கும் உண்டுங்.

தம்பி: கிளப்புப் பூனைக்கு 191.

கடைக்காரர்: பூனை என்னங் சைஸ்?

தம்பி: ரெக்கார்டு தயாரிச்ச மார்ட்டின் ஹேனட் அவங்க மேலயே கேஸ் போட்டாரு. அந்தக் கேஸுக்கு 61.

கடைக்காரர்: வக்கீல் பீஸுக்குத் தனி நம்பருங்களா?

தம்பி: 2007-ல வில்சன் செத்தப்போ சவப்பெட்டிக்கு 501.

கடைக்காரர்: அதுவரைக்கும் கணக்கு சுத்தம். லாபம் எவ்வளவுங்?

தம்பி: 1992-ல திவால்.

கடைக்காரர்: பூனைக்கெல்லாம் நம்பர் போட்டவங்க செலவுக்கு ஒண்ணு போட்டிருக்கலாமுங்.

தம்பி: அது கலைண்ணா! 1983-ல ‘ப்ளூ மண்டே’ங்கற பாட்டு ரெக்கார்டுக்கு கம்ப்யூட்டர் ஃப்ளாப்பி மாதிரி ஓட்டை வெட்டி அட்டை போட்டாங்க. ஒவ்வொண்ணு விக்கறப்பவும் கைக்காசு போச்சுன்னு பேச்சு.

கடைக்காரர்: எம் மச்சானும் காஸ்டிங் போடாம எம்பிராய்டரி வெச்சுத்தான் வித்தான். இப்ப எங்கடையில டீ வாங்கியாறான். அவனுக்கும் ஒரு நம்பர் போட்டரலாமுங்களா?

தம்பி: கிண்டல் பண்ணாதீங்க. கடைசியில லண்டன் கம்பெனி ஒண்ணு விலைக்கு வாங்க வந்துச்சு. பழைய ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தா, ‘எல்லாம் இசைக்காரங்களுக்குச் சொந்தம், கம்பெனிக்கு எதுவும் இல்லை’ன்னு இருக்கு. வாங்கறதுக்கே ஒண்ணும் இல்ல!

கடைக்காரர்: பாட்டுக்காரனுக்கே எல்லாம் குடுத்தாங்க. நல்ல மனுசங்க. நீங்க அந்த ஆல்பத்தை எங்கீங் வாங்கினீங்க?

தம்பி: வந்து... ஹாஸ்டல்ல ஒருத்தன் பென்டிரைவ்ல குடுத்தான்.

கடைக்காரர்: ஓஹோ.

தம்பி: நீங்க மட்டும்? இந்தப் பனியனுக்கு அவங்களுக்கு ராயல்டி போகுதா?

கடைக்காரர்: போறதில்லீங். ஆனா நான் கடை வாசல்ல நின்னு யாருக்கும் பரீட்சை வெக்கறதில்லீங்களே.

தம்பி: ...

கடைக்காரர்: வாயத் தொறங் தம்பி. ஆமா, இந்தக் கோடுகளையெல்லாம் வரைஞ்சது யாருங்?

தம்பி: ஹரால்ட் கிராஃப்ட்னு அமெரிக்காக்காரர். 1970-ல தன் பிஎச்டி ஆய்வேட்டுக்காகப் போட்டது. ஆல்பத்துல வந்திருக்குன்னு அவருக்கு யாரும் சொல்லல. வேற ஒருத்தர் சொல்லித் தெரிஞ்சு, கடைக்குப் போய் அவரே காசு குடுத்து வாங்கினாரு.

கடைக்காரர்: பாவம்.

தம்பி: சரி, எனக்கும் மீடியம் ஒண்ணு குடுங்க. எவ்வளவு கம்மி பண்ணுவீங்க?

கடைக்காரர்: வரைஞ்ச மனுசனே காசு குடுத்து வாங்கியிருக்காரு, உங்களுக்குக் கம்மியா? முந்நூறு எடுங்.