காலாற நடக்க ஐந்து கிலோமீட்டர்

என் அம்மாவுக்கு எழுபத்தொரு வயது. போன வருடம் வலது முழங்கால் மூட்டை மாற்றிய பிறகு மருத்துவர் சொல்லி அனுப்பியது இதுதான்: மேடு வேண்டாம், படி வேண்டாம், சமதளமாகப் பார்த்து தினமும் நடங்கள். நடக்கத் தெம்பு வந்ததும் அம்மா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். கொடைக்கானல் ஏரியை ஒரு தடவை முழுச் சுற்று நடந்து வர வேண்டும். கல்யாணமான புதிதில், 1979-இல், அப்பாவோடு வத்தலக்குண்டு வழியாக பஸ்ஸில் போய் அந்தச் சுற்றை நடந்திருக்கிறார். வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றதையும், துடுப்பு தண்ணீரில் விழுகிற சத்தம் அக்கரையிலிருந்து கேட்டதையும் இன்றைக்கும் சொல்வார். அப்பா இல்லை. அந்தச் சுற்றாவது இருக்கட்டும் என்றார்.

மூன்று நாள் தங்கினோம். அவரால் அந்த ஒரு சுற்றை முடிக்க முடியவில்லை. முழங்கால்மேல் பழி போடாதீர்கள், அது நன்றாகவே ஒத்துழைத்தது. ஊர் திரும்பி ஒரு வாரமாகியும் என் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. எழுதினாலாவது அடங்குகிறதா என்று பார்க்கிறேன்.

அந்த ஏரி தானாக உண்டானதில்லை. சதுப்பில் ஓடிய ஓடைகளை மறித்து, மதுரை கலெக்டர் லெவிஞ்ச் 1863-இல் உருவாக்கியது. நட்சத்திரம்போல் கை கையாக நீளும் அதன் கரையை ஒட்டி சுமார் ஐந்து கிலோமீட்டர் சாலை சுற்றி வருகிறது. ஏறத்தாழ ஏழாயிரம் அடி உயரத்தில், மூச்சிரைக்காமல், குழந்தையும் கிழவியும் சேர்ந்து நடக்கத் தோதான ஐந்து கிலோமீட்டர் தமிழ்நாட்டில் வேறு எத்தனை இடத்தில் கிடைக்கும்? மலையேறத் தெம்புள்ளவர்களுக்கு ஆயிரம் வழி இருக்கிறது. மூட்டு தேய்ந்தவர்களுக்கும், இதய நோயாளிகளுக்கும், கைக்குழந்தைக்காரிகளுக்கும் இருப்பது இப்படிப்பட்ட பாதைகள்தான். அதைத்தான் பிடுங்கி வைத்திருக்கிறோம்.

முதல் நாள் காலை பத்து மணிக்குக் கிளம்பினோம். ஒரு கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டோம். பின்னாலிருந்து ஹாரன். அடுத்து இன்னொன்று. பிறகு ஒரு வேன், அதன் ஹாரனில் நாலு ராகம். நடைபாதை என்று கல் பதித்த இடத்தில் மோட்டார் சைக்கிள்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். அதைத் தாண்டினால் பஜ்ஜிக் கடையின் ஸ்டூல்கள். அதைச் சுற்றிக்கொண்டு போகத் தார்ச்சாலையில் இறங்கினால் எதிரே குதிரை. குதிரைக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓரமாகத்தான் நடத்தி வந்தார். அவருக்கும் பின்னால் கார் முட்டிக்கொண்டிருந்தது. குதிரை மிரண்டு ஒதுங்கியது, அம்மாவும் ஒதுங்கினார், அவர் தோளை உரசுகிற தூரத்தில் கார் போனது. கண்ணாடியை இறக்கி ஓர் இளைஞன் கத்தினான்: "பாட்டி, நடக்க வேண்டுமென்றால் பார்க்குக்குப் போக வேண்டியதுதானே? ரோட்டுக்கு எதற்கு வருகிறீர்கள்?"

அம்மாவின் கை என் கையில் நடுங்கியது. ஒரு வருடம் வலியோடு பயிற்சி செய்து, ஊன்றுகோலை விட்டு, தன் காலில் நிற்கிற ஒரு பெண்ணைப் பார்த்து ஏரிக்கரையில் உனக்கென்ன வேலை என்று கேட்கிறான். அவன் அங்கே எதற்கு வந்தான்? ஏரியைப் பார்க்கத்தானே? காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றி, பாட்டைப் போட்டுக்கொண்டு, ஐந்து கிலோமீட்டரைப் பத்து நிமிடத்தில் சுற்றிவிட்டுப் போவதற்கு ஏரி எதற்கு? அவன் பத்து நிமிடத்துக்காக என் அம்மா நாற்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்த நடையை விட்டுத்தர வேண்டுமா?

கூட்டத்தைக் குறைக்க ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, மலைக்கு வரும் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வாரநாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று உச்சவரம்பும் வைத்தார்கள். நல்லது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கார் நாலு மீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால், 6,000 கார்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் 24 கிலோமீட்டர். ஏரியை ஏறக்குறைய ஐந்து சுற்று சுற்றி வரும். வந்தவர்களில் பாதிப் பேர் ஒரே நேரத்தில் ஏரிச்சாலைக்கு இறங்கினாலே நடப்பவருக்குக் கால் வைக்க இடம் எங்கே இருக்கும்? மலைக்கு எத்தனை வண்டி ஏறலாம் என்று எண்ணிவிட்டோம். ஏறிய வண்டி எங்கே போகக் கூடாது என்பதை யாரும் சொல்லவில்லை.

ஹாரனுக்கும் ஒரு விதி இருக்கிறது. ஒலி மாசு விதிகள் 2000-இல் வந்தன. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி நூறு மீட்டரை அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம், அங்கே ஹாரன் கூடாது. அந்தப் பட்டியலில் ஏரிக்கரை இல்லை, காடு இல்லை. அமைதிக்காகவே மனிதர்கள் தேடிப் போகிற இடங்கள் அவை. விதி இல்லாவிட்டால் என்ன, ஏரிக்கரையில் ஹாரன் அடிக்கக் கூடாது என்று ஒருவர் எழுதித்தான் வைக்க வேண்டுமா?

சரி, அந்த இளைஞன் சொன்னபடியே பார்க்குக்குப் போனோம். ஏரிக்குக் கிழக்கே பிரயண்ட் பூங்கா. வனத்துறை அதிகாரியாக இருந்த பிரயண்ட் 1908-இல் அமைத்தது, சுமார் இருபது ஏக்கர். மரமும் புல்தரையும் பாத்தியுமாக, அம்மாவின் காலுக்கு ஏற்ற இடம். டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் பத்து நிமிடம் நிம்மதியாக நடந்தோம். பிறகு பின்னாலிருந்து ஒரு ஸ்பீக்கர் வந்தது. தோளில் மாட்டிக்கொள்கிற பெரிய ஸ்பீக்கர். பத்துப் பேர் கொண்ட குழு. பாட்டு அலறுகிறது. நாங்கள் வேகத்தைக் குறைத்து அவர்களை முன்னே விட்டோம். அவர்கள் பாத்தி ஓரத்தில் நின்று படம் எடுத்தார்கள். நாங்கள் தாண்டிப் போனோம். மறுபடி வந்தார்கள். நான் அருகில் போய், "தம்பி, கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், பெரியவர்கள் நடக்கிறார்கள்" என்றேன். ஒருவன் என்னைப் பார்த்துவிட்டு, "ஜாலியாக இருக்கத்தானே சார் வந்திருக்கிறோம்" என்றான்.

அந்த வார்த்தை என்னை இன்றும் குத்துகிறது. ஜாலியாக இருக்க நாங்களும்தான் வந்தோம். எங்கள் மகிழ்ச்சி அவனைத் தொடவே தொடாது. நான் நூறு வருடம் மௌனமாக நடந்தாலும் அவன் பாட்டுக்கு இடைஞ்சல் வராது. அவன் ஒரு நிமிடம் பாட்டுப் போட்டால் அந்தப் பூங்காவில் இருக்கிற அத்தனை பேருடைய அமைதியும் போய்விடுகிறது. இரண்டும் சமமில்லை. இதைப் புரியவைக்கக்கூட முடியவில்லையே என்பதுதான் ஆற்றாமை.

கோக்கர்ஸ் வாக் என்று ஓர் இடம். 1872-இல் மலை விளிம்பை ஒட்டி வெட்டிய நடைபாதை, சுமார் ஒரு கிலோமீட்டர். மேகம் விலகினால் கீழே சமவெளியும் வைகை அணையும் தெரியும். பெயரிலேயே நடை இருக்கிறது. அங்கும் முதல் கம்பித் தடுப்பில் கூட்டம் அடைத்து நிற்கிறது, படம் எடுத்ததும் திரும்பிவிடுகிறது. ஒரு நாளில் பன்னிரண்டு இடம் என்று வாடகைக் காரில் பேசிக்கொண்டு வந்தவர்களுக்கு நடக்க நேரம் ஏது?

இரண்டாம் நாள் பைன் காடு. பிரயண்ட் காலத்தில், 1906-இல் நட ஆரம்பித்த மரங்கள். இந்த மண்ணுக்குரியவை இல்லைதான், சோலைக் காட்டையும் புல்வெளியையும் தின்றுவிட்டு நிற்பவை என்று சூழலியலாளர்கள் சொல்வதில் எனக்கும் உடன்பாடு உண்டு. ஆனாலும் ஊசி இலைகள் மெத்தைபோல் விழுந்து கிடக்கும் அந்தத் தரையில் ஓரளவு சமமாக இருக்கிற பகுதி முட்டிக்கு இதமானது. அம்மா ரப்பர் செருப்பு போட்டிருந்தார். இருபது அடி போனதும் என் ஷூவுக்குக் கீழே நொறுங்கியது. இலையை விலக்கிப் பார்த்தால் பீர் பாட்டில் சில்லு. அதற்கு அப்பால் இன்னொன்று. மெத்தைக்குள் ஒளிந்திருக்கும் கண்ணாடி! காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் திருப்பித் தருகிற திட்டம் 2022-இல் நீலகிரியில் தொடங்கியதே, உடைந்த பாட்டில் யானையின் காலைக் கிழிக்கிறது என்றுதானே நீதிமன்றம் அதைக் கொண்டுவரச் சொன்னது? பத்து ரூபாயைக்கூட வேண்டாமென்று பாறையில் அடித்து உடைக்கிற கைக்கு என்ன பெயர் வைப்பது? இந்தக் காட்டில் காட்டுமாடு நடக்கிறது, கடமான் நடக்கிறது. அவற்றுக்கு ஷூ கிடையாது.

திரும்பி வருகிற வழியில், சாலையோரச் சோலைக்குள்ளிருந்து ஒரு சீழ்க்கை கேட்டது. ஆள் யாரோ ராகமாக விசிலடிப்பது போலவே இருந்தது. சீகாரப் பூங்குருவி. அம்மா நின்றுவிட்டார். "அப்போதும் இது பாடியது, உங்கள் அப்பா யாரோ பையன் விசிலடிக்கிறான் என்று தேடினார்" என்றார். இரண்டு முறை பாடியிருக்கும். வளைவில் ஒரு வேன் ஹாரன் அடித்தது. அதற்குப் பிறகு கால் மணி நேரம் நின்றோம். அது மறுபடி பாடவில்லை.

இதையெல்லாம் யோசிக்க யோசிக்க எனக்கு ஒன்று விளங்குகிறது. படகுக்கு டிக்கெட் உண்டு. குதிரைக்கு வாடகை உண்டு, சைக்கிளுக்கு உண்டு, காரை நிறுத்தக் கட்டணம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பின்னால் கேட்பதற்கு ஆள் இருக்கிறது. ஏரியைச் சுற்றி நடப்பவர் யாருக்கும் காசு கொடுப்பதில்லை. அதனால் அவருக்காகப் பேச ஒருவரும் இல்லை. பாதையில் எது வந்து உட்கார்ந்தாலும் முதலில் ஒதுங்க வேண்டியவர் அவர்தான். சுற்றுலா வளர்ச்சி என்று எதைப் பேசினாலும், சும்மா நடக்க வந்தவர் அந்தக் கணக்கில் ஒரு வரியாகக்கூட இல்லை. இடையூறில்லாத நடைபாதை வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025-இல் சொல்லியாயிற்று. அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு. அந்தப் பிரிவு ஏரிக்கரைக்கு வந்து சேர இன்னும் எத்தனை வருடம் ஆகும்?

நடக்காத காரியத்தைக் கேட்கிறேன் என்று சொல்லாதீர்கள். மகாராஷ்டிரத்தில் மாத்தேரான் என்று ஒரு மலையூர் இருக்கிறது. சுற்றுலாப் பயணியின் கார் ஊருக்குள் போக முடியாது. தஸ்தூரி என்ற இடத்திலேயே நிறுத்திவிட்டு, அங்கிருந்து செம்மண் பாதையில் மரநிழலில் நடக்க வேண்டும், இல்லையென்றால் குதிரையிலோ இ-ரிக்‌ஷாவிலோ சின்ன ரயிலிலோ போக வேண்டும். கார் வராததால் அந்த ஊர் படுத்துவிடவில்லை. அதைப் பார்க்கத்தான் மும்பையிலிருந்து ஆட்கள் திரண்டு போகிறார்கள். பெங்களூரில் கப்பன் பூங்கா நகரத்தின் நட்டநடுவில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதன் உள்சாலைகளில் வண்டி விடுவதில்லை. அவ்வளவு நெரிசலான நகரம் அதைச் சமாளிக்கிறது. கொடைக்கானல் ஏரிச்சாலையை முழு நாளும் மூடச் சொல்லவில்லை. கரையில் குடியிருப்பவர்கள் இருக்கிறார்கள், விடுதிகள் இருக்கின்றன, அவர்களுக்கு வழி வேண்டும். விடியற்காலையிலிருந்து ஒன்பது மணி வரை, மாலையில் ஒன்றரை மணி நேரம், வெளியூர் வண்டிகள் அந்த ஐந்து கிலோமீட்டருக்குள் வராமல் இருக்கட்டும். நடைபாதையில் பைக் நிற்கக் கூடாது. பூங்காவின் வாசலிலேயே ஸ்பீக்கரை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்து, போகும்போது திருப்பிக் கொடுக்கட்டும். இதற்குக் கோடிகள் வேண்டாம். ஒரு தடுப்புக் கட்டையும் ஒரு காவலரும் போதும்.

மூன்றாம் நாள், கடைசி முயற்சியாக, ஐந்தே முக்காலுக்கே இறங்கினோம். இருட்டும் பனியும். ஏரி தெரியவில்லை, தண்ணீரின் வாசனைதான் வந்தது. அம்மா ஸ்வெட்டருக்குமேல் சால்வையைப் போர்த்திக்கொண்டு, என் கையைப் பிடிக்காமல் தானாக நடந்தார். மெல்ல வெளுத்தது. ஒரு முக்குளிப்பான் தண்ணீருக்குள் போய் வேறெங்கோ எழுந்தது. தூரத்தில் படகுத்துறையில் யாரோ படகைக் கழுவுகிற சத்தம் தண்ணீர்மேல் மிதந்து வந்தது. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை நான் ரொம்ப வருடமாகப் பார்க்கவில்லை. மூன்று கிலோமீட்டர் ஆகியிருந்தது.

ஏழு மணிக்கு முதல் சுற்றுலா வேன் வந்தது, பின்னாலேயே இரண்டு. ஜன்னலுக்கு வெளியே தலைகள், உள்ளே பாட்டு, பனிக்குள் முழு வெளிச்சம் அடிக்கிற விளக்குகள். எதிர்வெளிச்சத்தில் அம்மாவுக்குக் கண் கூசியது. சாலையோரக் கல்லில் கால் தட்டி, நான் பிடித்திருக்காவிட்டால் விழுந்திருப்பார். மாற்றிய முழங்கால். அங்கேயே ஒரு கட்டைச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். ஆட்டோ ஒன்றை நிறுத்தி ஏற்றினேன்.

விடுதி வாசலில் இறங்கும்போது கேட்டார்: "மிச்சம் இரண்டு கிலோமீட்டரை எப்போதுப்பா நடப்பது?"