பயமா இருந்தா காலி பண்ண வேண்டியதுதானே!

கடல்மட்டம் உயர்வதைப் பற்றிய அந்த விவாத வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கே பத்துப் பேராவது அனுப்பிவிட்டீர்கள். பேசியவரின் பெயரைச் சொல்லப் போவதில்லை, அந்த விளம்பரமும் அவருக்கு வேண்டாம். "2100-லதானே சென்னை மூழ்கும்? அதுக்குள்ள டெக்னாலஜி வந்துடும். கரையில இருக்கறவங்களுக்குப் பயமா இருந்தா காலி பண்ண வேண்டியதுதானே?" என்கிறார். நெறியாளர் சிரிக்கிறார். பேசியவரை விட அந்தச் சிரிப்புதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது.

ஐயா, 2100 வரை காத்திருக்க வேண்டாம். வடசென்னையில் கரை போய் நூறு வருஷத்துக்கு மேலாகிறது.

பலருக்கு இது தெரியாது, அதனால் பொறுமையாகவே சொல்கிறேன். நம் கரையோரம் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1870களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர் போட்டார்கள். வந்த மணல் சுவருக்குத் தெற்கே தேங்கியது. அப்படி விரிந்ததுதான் மெரினா. சுவருக்கு வடக்கே மணல் வரத்து நின்றது, ஆனால் அலை நிற்கவில்லை. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று வரிசையாக அரித்துக்கொண்டே போனது. நீங்கள் சுண்டல் பொட்டலத்தோடு காலாற நடக்கிறீர்களே, அது எங்கள் கரைக்கு வந்திருக்க வேண்டிய மணல்.

என் ஆயா வீடு திருவொற்றியூர்ப் பக்கம். அம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோது வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே தெருக்கள் இருந்தனவாம், அதற்கும் அப்பால் வலை காயப்போடும் மணல்வெளி. நான் பார்த்ததெல்லாம் கடைசித் தெருவின் பாதியைத்தான். லாரி லாரியாகப் பாறாங்கல் வந்து இறங்கியபோது பையன்களுக்கெல்லாம் ஒரே கொண்டாட்டம். ஆயா மட்டும் வாசலில் நின்று திட்டிக்கொண்டிருந்தது: "கல்லைக் கொட்டிட்டா கட்டுமரத்தை எங்கடா ஏத்தறது?" அப்போது எனக்கு அது புரியவில்லை. கல் சுவர் ரோட்டைக் காப்பாற்றும், வீட்டைக்கூடக் காப்பாற்றலாம். ஆனால் படகு ஏற்றவும் மீன் காயவைக்கவும் மணல் வேண்டும். அதோடு, கல் முடிகிற இடத்துக்கு அடுத்த குப்பத்தில் அரிப்பு இன்னும் வேகமாகும். அப்புறம் அங்கேயும் கல் கொட்டுவார்கள்.

"அது துறைமுகத்தால் வந்த அரிப்பு. கடல்மட்ட உயர்வோடு போட்டுக் குழப்பாதே" என்று ஒருவர் வருவார், எனக்குத் தெரியும். இரண்டும் வேறு வேறுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கடல் ஏறும்போது முதலில் தாங்குவது மணல்தான். அந்த மணலைப் பறித்துவிட்டு, இப்போது கடலும் ஏறுகிறது என்றால் முதல் அடி யாருக்கு விழும்? இதைச் சொன்னால் குழப்புகிறேனாம்.

அடுத்தவர் கணக்கோடு வருவார்: "கடல் ஏறுவது வருஷத்துக்கு 3.7 மில்லிமீட்டர். இதுக்கா இந்த ஆர்ப்பாட்டம்?" ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி சொன்ன எண்தான், 2006 முதல் 2018 வரையிலான உலகச் சராசரி. அதே அறிக்கை 1901-லிருந்து 2018 வரை சுமார் 20 சென்டிமீட்டர் ஏறிவிட்டதாகவும், வேகம் கூடிக்கொண்டே வருவதாகவும் சொல்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் இவர்கள் புரட்டுவதே இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வெள்ளம் ஏன் வடியவில்லை என்று கேட்டபோது என்ன பதில் வந்தது? கடல் தண்ணீரை உள்வாங்கவில்லை என்றார்கள். சென்னை தட்டையான ஊர். அடையாறு, கூவம், கொசஸ்தலை எல்லாம் கடலுக்குள் போய்த்தான் வடிய வேண்டும். முகத்துவாரத்தில் கடல் கொஞ்சம் உயர்ந்து நின்றாலும் வேளச்சேரி வீட்டுக்குள் தண்ணீர் கூடுதல் நேரம் நிற்கும். ஆக, கரையில் இருக்கிறவன் காலி பண்ணினால் மட்டும் தீராது சார்.

"அப்போ துறைமுகமே வேண்டாமா, வேலைவாய்ப்பு வேண்டாமா?" யார் வேண்டாம் என்றது? விடுங்கள்.

சென்னைக்கு வடக்கே இருக்கிற மீஞ்சூரின் கதை இன்னும் வேடிக்கை. அங்கே நிலத்தடி நீரை ஆலைகளுக்கும் நகரத்துக்குமாகப் பல வருஷம் உறிஞ்சினார்கள். நல்ல தண்ணீர் இறங்க இறங்க, கடல் தண்ணீர் மண்ணுக்குள்ளேயே நுழைந்தது. கிணறுகள் உப்பாயின. அப்புறம் 2010-ல் அதே மீஞ்சூர்ப் பக்கம் காட்டுப்பள்ளியில், நாளைக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்தது. டெக்னாலஜி வந்துவிட்டது, பார்த்தீர்களா! உப்பான கிணறு உப்பாகவே இருக்கிறது.

காலி பண்ணு என்று குப்பத்தைப் பார்த்து மட்டும்தான் சொல்ல வருகிறது. ஈசிஆரில் கடலைப் பார்த்த மாதிரி பங்களா கட்டியவரிடம் யாராவது சொன்னீர்களா? அது ஸீ வியூ, விலையும் கூடுதல். கடல் ஏறுகிறது என்று தெரிந்தே, 2019 கடற்கரை விதிகளில் மக்கள் நெருக்கமாக வாழும் கிராமக் கரைகளில் கட்டடம் கூடாத பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருக்கினார்கள். அது யாருக்காக? வலை காயவைக்கிறவன் வந்து கேட்டானா?

"அரசுதான் மாற்று வீடு தருகிறதே, அதுக்கும் குறை சொல்வீங்களா?" சொல்வேன். கூவம், அடையாறு கரைகளில் இருந்த குடும்பங்களை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள்? நகரத்தின் தென்கோடியில் இருக்கிற பெரும்பாக்கத்தில். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய இடம் அது. அந்தச் சதுப்பு நிலத்துக்கு 2022-ல் ராம்சர் அங்கீகாரம் (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்கிற பட்டம்) கிடைத்தபோது நாமெல்லாம் பெருமையாக ஷேர் பண்ணினோம். வெள்ளத்துக்குப் பயந்து எடுத்தவர்களைத் தண்ணீர் தேங்குகிற இடத்தில் குடிவைத்ததைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதவில்லை. கடலில் பிழைக்கிறவர்களையும் நாளைக்கு அங்கேதான் தள்ளுவார்கள். காலையில் காசிமேட்டு மீன் ஏலத்துக்கு எந்த பஸ் பிடித்து வருவது, கூடையை எந்தக் கண்டக்டர் ஏற்றுவார் என்பதையெல்லாம் அந்த விவாத மேசையில் யாருமே பேசவில்லை.

திட்டுகிறவர்கள் தாராளமாகக் கமெண்டில் திட்டுங்கள். ஆனால் "காலி பண்ணு" என்று எழுதுகிறவர்கள், எந்த ஊருக்குப் போவது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பெரும்பாக்கம் என்று எழுதினால் பிளாக் பண்ணிவிடுவேன்.