மலை ஏறியும் விடாத ஸ்பீக்கர்

சென்னையின் ஹாரன் சத்தத்தை விட்டு, பெருங்களத்தூர் நெரிசலைத் தாண்டி, ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து கொடைக்கானலுக்குப் போவது எதற்கு? கொஞ்சம் அமைதிக்காகத்தானே! மன்னவனூர் பக்கம் கூடாரம் போட்டுப் படுத்தால், பக்கத்துக் கூடாரத்தில் நள்ளிரவு தாண்டியும் ப்ளூடூத் ஸ்பீக்கர் அலறுகிறது. போய்க் கேட்டால், "ஜாலியா இருக்கத்தானே ப்ரோ வந்திருக்கோம்" என்கிறார்கள். நடுவில் இருப்பது சுவரா? வெறும் துணி. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. மலைக்கு மட்டும் அது பொருந்தாதா?

கிளாம்பிங் என்கிற சொகுசுக் கூடாரங்கள் இன்னும் மோசம். கட்டில், மெத்தை, வெந்நீர் எல்லாம் சரி, வேண்டியவர்கள் அனுபவிக்கட்டும். ஆனால் மரத்துக்கு மரம் சீரியல் லைட் எதற்கு? ஒரு நட்சத்திரம் தெரிவதில்லை. அண்ணா சாலையில் கிடைக்காதது அது ஒன்றுதானே! அப்புறம், காட்டெருமை நடமாடும் இடத்தில் பிரியாணி மிச்சத்தை அப்படியே கொட்டிவிட்டு வேறு போகிறார்கள். வயிறு எரிகிறது.

முன்பதிவின்போது ஆதார் கேட்கிறார்களே, பத்து மணிக்கு மேல் பாட்டு கிடையாது என்றும் சேர்த்துச் சொன்னால் என்ன?