கிளம்பும் முன் காகிதங்களைப் பாருங்கள்

லடாக் பணிக்குப் போகும் ஜவானின் குடும்பம் எப்படித் தயாராக வேண்டும் என்ற கட்டுரையில் மனதைரியம் பற்றி நிறைய இருக்கிறது, நல்லது. காகிதங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்றுதான் எழுதுகிறேன். என் கணவர் 2 முறை ஃபீல்டு போஸ்டிங் (குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாத பணி) போனவர். முதல் முறை மகள் பிறந்து 4 மாதம். பிறப்புச் சான்றிதழை யூனிட்டுக்கு அனுப்பி 'பார்ட் டூ ஆர்டர்' (கல்யாணம், பிறப்பு போன்ற குடும்ப விவரங்களைப் பதிவுசெய்யும் யூனிட் ஆணை) போட வைக்காமலே கிளம்பிவிட்டார். குழந்தையின் பெயர் பதிவேட்டில் ஏறும்வரை நான் அலைந்த அலைச்சல்! கல்யாணமும் அப்படித்தான், ஆர்டரில் வந்தால்தான் மனைவி பெயர் ரெக்கார்டில் ஏறும். லீவு முடியும் முன் இதைக் கேட்டு வாங்குங்கள், தங்கைகளே. ஜாயின்ட் அக்கவுண்ட், நாமினி பெயர், ஏ.டி.எம். கார்டு, இவையும் அப்படியே.

நிலத் தகராறு உள்ள குடும்பங்களுக்கு இன்னொன்று. போர்முனை போன்ற இடத்தில் பணியில் இருப்பவரின் சிவில் வழக்கை நிறுத்திவைக்க 1925-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது; அவரால் வர முடியவில்லை என்று கலெக்டர் கோர்ட்டுக்குச் சான்று அனுப்பலாம், பிறகு ராணுவத் தரப்பிலிருந்தும் சான்று வர வேண்டும். எங்கள் வேலூர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் உள்ள ஊர்களிலேயே இது பலருக்குத் தெரியவில்லை.

அப்புறம், சிக்னல் கிடைக்காத நாட்களுக்குக் கடிதம் எழுதுங்கள். பெயர், நம்பர், யூனிட் எழுதி '56 ஏ.பி.ஓ.' (ராணுவத் தபால் நிலையம்) என்று போட்டால் போய்ச் சேரும். மகள் கிறுக்கிய இன்லேண்டு லெட்டரை என் கணவர் இன்னும் வைத்திருக்கிறார்.