கன்னியாகுமரியில் குஜராத்தி தாலி கிடைக்கும், தீயல் கிடைக்குமா?

இங்கிலாந்தில், லெஸ்டரில் ஒரு குஜராத்தி சைவக் கடையில் தாலி என்கிற தட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு வந்ததிலிருந்து நம்ம மாவட்டத்து ஹோட்டல்காரர்கள் மேல் எனக்கு ஒரு கோபம். அவர்களை மட்டும் சொல்வானேன், நம்ம எல்லோர் மேலும்தான். மீன் இல்லாமல் சோறு இறங்காத ஊர் நம்முடையது. சாளைப் புளிமுளத்துக்கு முன்னால் தாலியாவது ஒன்றாவது என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கல்யாணப் பந்தியில் விளம்புகிற சைவச் சாப்பாடு என்று ஒன்று நம்மிடம் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

தங்கை மகள் அங்கே நர்ஸ். குழித்துறை, மார்த்தாண்டம் பக்கத்துப் பிள்ளைகள் இல்லாத ஆஸ்பத்திரி உலகத்தில் எங்காவது உண்டா என்ன? லீவு நாளில் பெல்கிரேவ் ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சேலைக்கடை, நகைக்கடை, பலகாரக்கடை, நடுநடுவே சைவ ஹோட்டல்கள். அந்தப் பகுதிக்கு ‘கோல்டன் மைல்’ என்றே பெயர். தீபாவளிக்கு அங்கே போடுகிற விளக்கைப் பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் ஆள் வருமாம்.

விளிம்பு வைத்த பெரிய எவர்சில்வர் தட்டு. உள்ளே சின்னச் சின்னக் கிண்ணங்கள். பருப்பு, கடி, இரண்டு காய்கறி, ஒரு பயறு, ஊறுகாய், பலகாரம், இனிப்பு. ரொட்டி மட்டும் ஒவ்வொன்றாகச் சுட்டு, நெய் தடவிக் கொண்டுவந்து போடுகிறார்கள். பருப்பை வாயில் வைத்ததும் எனக்கு முகம் கோணிவிட்டது. வெல்லம் போட்டிருக்கிறார்கள், நிலக்கடலையும் கிடக்கிறது. “முகத்தச் சுளிக்காதீங்க மாமா, இது அவங்க பருப்பாக்கும்” என்றாள் பிள்ளை.

அவள் சொன்னது சரி. இரண்டாவது தடவை அந்தப் பருப்பை நானே கேட்டு வாங்கினேன். கடி என்பது தயிரில் கடலைமாவு கரைத்துக் கொதிக்கவைப்பது. நம்ம புளிசேரியில் தேங்காய் அரைத்துவிடுகிற இடத்தில் அவர்கள் கடலைமாவைப் போடுகிறார்கள், அதிலும் ஒரு இனிப்பு. குளிர்காலம் என்பதால் உந்தியு இருந்தது. அவரைக்காய், கத்தரிக்காய், பச்சை வாழைக்காய், சக்கரைவள்ளி, ஊதா நிறக் காச்சில் கிழங்கு எல்லாம் சேர்த்து வேகவைத்த கறி. அவியலுக்கு ஏதோ ஒரு வழியில் சொந்தம் என்றுதான் எனக்குப் பட்டது. பலகாரத்தில் பாத்ரா வந்தது. சேம்பிலையில் கடலைமாவுக் கரைசலைப் பூசி, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிச் சுருட்டி, ஆவியில் அவித்து, வட்டமாக வெட்டி, கடுகும் எள்ளும் தாளித்தது. எங்கள் வீட்டில் கிணற்றடியில் காடாக நிற்கிற சேம்பிலையை நாங்கள் அருவாளால் வெட்டித் தூர எறிகிறோம். அவர்கள் அதைத் தட்டில் வைத்துப் பவுண்டாக்குகிறார்கள்.

விலை என்று பார்த்தால் நம்ம காசுக்கு ஆயிரத்தைந்நூறுக்கு மேல். ஊர்க் கணக்கில் பார்த்தால் வயிறெரியும். ஆனால் கேட்கக் கேட்கப் போடுகிறார்கள்.

தாலி மேல் எனக்கு ஒரு குறை உண்டு. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கண்முன்னால் வைத்துவிடுகிறது. இனிப்பும் காரமும் ஊறுகாயும் ஒன்றாக நிற்கும்போது எதில் தொடங்குவது என்று கை தடுமாறுகிறது. நம்ம இலைக்கு ஒரு நடை உண்டு. நுனி இடது பக்கம். உப்பு, உப்பேரி, இஞ்சி, பச்சடி, கிச்சடி, துவரன், அவியல், எரிசேரி என்று தொடுகறிகள் முதலில் வந்து உட்காரும். அப்புறம் சோறு, பருப்பு, நெய், பப்படம். பப்படத்தை நொறுக்கிப் பருப்போடு பிசையாதவன் நம்ம ஊர்க்காரனே இல்லை. அடுத்து சாம்பார், புளிசேரி. பிரதமன் பாயசம் வந்தால் பந்தி முடிந்தது என்று வெளியூர் மாப்பிள்ளை வீட்டார் கை கழுவ எழும்புவார்கள். பக்கத்தில் இருப்பவர் “இரியும் வோய், ரசமும் மோரும் இனிதான் வரும்” என்று பிடித்து உட்காரவைப்பார். இனிப்புக்குப் பிறகு ஒரு பிடி சோற்றை ரசத்தில் கரைத்து இறக்கினால்தான் வயிறு அடங்கும் என்று கண்டுபிடித்த ஆளுக்குச் சிலை வைக்கலாம்.

ஆனால் இலைக்கு விளம்ப ஆள் வேண்டும், பந்தி வேண்டும், பக்கத்தில் நாலு பேர் வேண்டும். பரதேசத்தில் ஒற்றை ஆளாக மத்தியானம் ஒரு மணிக்கு வந்து உட்காருகிறவனுக்கு அந்தச் சடங்கெல்லாம் சரிப்படாது. ஒரு வீட்டுச் சமையலை ஒரு ஆளுக்கு அளந்து ஒரு தட்டில் தருகிறது தாலி. அந்த வகையில் அது கெட்டிக்கார ஏற்பாடுதான்.

கடையில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்த வயசான அம்மா எந்த ஊர் என்று விசாரித்தார். கன்னியாகுமரி என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. வந்திருக்கிறாராம். ராமேஸ்வரம் போய்விட்டு அப்படியே குமரி அம்மனையும் கும்பிட்டு, பாறைக்குப் படகில் போய்வந்தாராம். “உங்க ஊர்ல சாப்பாடு ரொம்ப நல்லாயிருந்தது” என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என்ன சாப்பிட்டீர்கள் என்று பிள்ளையை விட்டுக் கேட்கச் சொன்னேன். குஜராத்தி தாலி சாப்பிட்டாராம்.

பிள்ளை சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த அம்மா மேல் என்ன தப்பு? கன்னியாகுமரி டவுனில் பஸ்ஸைவிட்டு இறங்கிக் கடற்கரைப் பக்கம் நடந்து பாருங்கள். குஜராத்தி தாலி, ராஜஸ்தானி தாலி, பஞ்சாபி, மார்வாடி என்று இந்தி எழுத்திலும் குஜராத்தி எழுத்திலும் போர்டுகள். கத்ராவிலிருந்து ஹிம்சாகர், திப்ருகரிலிருந்து விவேக் எக்ஸ்பிரஸ் என்று நாட்டின் மறு கோடியிலிருந்து வருகிற ரயில்களெல்லாம் நம்ம வாசலில்தான் வந்து முடிகின்றன. வருகிறவர்களுக்கு அவர்கள் சாப்பாடு கிடைப்பது நல்ல காரியம். நான் லெஸ்டரில் சோற்றைத் தேடின மாதிரிதானே அவர்களும் இங்கே ரொட்டியைத் தேடுவார்கள். ஆனால் அந்தப் போர்டுகளுக்கு நடுவில் எரிசேரி, புளிசேரி, உள்ளித் தீயல் (தேங்காயை வறுத்தரைத்த புளிக்குழம்பு) என்று எழுதின ஒரு போர்டை நான் இதுவரை பார்த்ததில்லை. 133 அடி வள்ளுவரைப் பார்த்தாயிற்று, 2024 கடைசியில் திறந்த கண்ணாடிப் பாலத்தில் நடந்தாயிற்று, சூரியோதயமும் ஆயிற்று. நம்ம ஊர்ச் சாப்பாடு என்று ஒரு வாய்கூட உள்ளே போகாமல் ரயில் ஏறிவிடுகிறார்கள்.

லெஸ்டர் குஜராத்திகள் கதையையும் கேளுங்கள். 1972 ஆகஸ்டில் உகாண்டாவில் அதிபர் இடி அமீன், அங்கே குடியிருந்த ஆசியர்கள், பெரும்பாலும் குஜராத்திகள், 90 நாளில் வெளியேற வேண்டும் என்று உத்தரவு போட்டார். லெஸ்டர் நகராட்சி உகாண்டாப் பத்திரிகையிலேயே விளம்பரம் கொடுத்தது, இங்கே இடமில்லை, வராதீர்கள் என்று. வந்தார்கள். இன்றைக்கும் பெல்கிரேவ் ரோட்டில் நடக்கிற பாபிஸ் என்ற சைவ ஹோட்டல் 1976இல் தொடங்கியது. இங்கிலாந்தில் ‘இந்தியன்’ என்று போர்டு வைத்த கறிக்கடைகளில் பெரும்பாலானவை சில்ஹெட் பக்கத்து வங்காளதேசத்துக்காரர்கள் நடத்துபவை. அவர்கள் வெள்ளைக்காரன் நாக்குக்கு ஏற்ப எல்லாவற்றையும் மாற்றிப் பிழைத்தார்கள், அதுவும் ஒரு சாமர்த்தியம். ஆனால் இந்தத் தாலிக் கடைகளில் முதலில் வந்து உட்கார்ந்தது சொந்தக்காரர்கள். அதனால் பருப்பில் வெல்லத்தைக் குறைக்க வேண்டிய அவசியமே வரவில்லை. வராதே என்று விளம்பரம் போட்ட ஊரில் அவர்கள் தங்கள் பெயரிலேயே தட்டை நீட்டுகிறார்கள். நமக்குச் சொந்த ஊரில் என்ன வெட்கம்?

வெட்கத்தைவிட, நாம் இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிட்டோம் என்று நினைக்கிறேன். 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்ப் பக்கம், அன்றைக்கு முதல் தமிழ்நாட்டுப் பக்கம். அவியலும் எரிசேரியும் பிரதமனும் ‘கேரள சத்ய’ (சத்ய என்றால் விருந்து) என்ற பெயரில் உலகம் சுற்றுகின்றன. துபாயில் ஓணத்துக்கு இலை போடுகிற கடைகளில் வரிசையில் நிற்கிற நம்ம பையன்களும் அதைக் கேரளா சாப்பாடு என்றுதான் சொல்கிறார்கள். இன்னொரு பக்கம் தமிழ்நாட்டு சைவம் என்றால் சென்னை ஹோட்டல் சாம்பார், இட்லி, மீல்ஸ். சரவண பவன் 2000இல் துபாயில் கடை போட்ட பிறகு வெளிநாட்டில் அதுவே தமிழ்ச் சாப்பாட்டின் முகம். நம்ம நாஞ்சில் நாட்டு இலை இரண்டு பட்டியலிலும் இல்லை. பத்மநாபபுரம் அரண்மனையில் ஆயிரம் பேர் இருந்து உண்ட ஊட்டுப்புரையை டிக்கெட் எடுத்துப் பார்த்துவிட்டு வருகிறோம். வெளியே வந்தால் பரோட்டா.

ஹோட்டல் வைத்திருக்கிற நண்பரிடம் சொன்னபோது அவர் அடுக்கின காரணங்கள் லேசானவை இல்லை. தேங்காய் விலை 2025இல் ஏறின ஏற்றம் எல்லோருக்கும் தெரியும், நம்ம சமையலோ தேங்காய் இல்லாவிட்டால் அடுப்பே பற்றாத சமையல். அவியல் சாயங்காலம் வரைக்கும் நிற்காது. தீயலுக்குத் தேங்காயை மல்லி, மிளகோடு கறுப்புக்கு ஒரு நூல் முன்னால் வரை வறுக்க வேண்டும். அந்தப் பதம் தெரிந்த ஆளுக்குச் சம்பளம் கொடுத்துக் கட்டாது. எல்லாம் சரி. ஆனால் ஓணத்துக்கு லிட்டர் கணக்கில் பாயசமும் இலையோடு பார்சல் சாப்பாடும் விற்றுத் தீர்கிறதே, அன்றைக்கு மட்டும் எப்படிக் கட்டுகிறது?

இங்கேதான் தாலிக்காரர்களிடம் கற்க வேண்டியிருக்கிறது. இருபத்தாறு கறியும் வேண்டாம். அவர்கள் தட்டிலும் முழுக் கல்யாணம் இல்லை, ஒரு வீட்டு மத்தியானம்தான் இருக்கிறது. சம்பா அரிசிச் சோறு, பருப்பு, பப்படம், ஒரு துவரன், அவியல், புளிசேரி, நாளுக்கு ஒன்றாக உள்ளித் தீயலோ பாகற்காய்த் தீயலோ, ரசம், கடைசியில் ஒரு மட்டி வாழைப்பழம். 2023இல் புவிசார் குறியீடு வாங்கின பழத்தை ரோட்டோரம் தொங்கவிட்டால் போதுமா, தட்டில் வர வேண்டாமா? மத்தியானத்துக்கு மட்டும் போடுங்கள், இரண்டு மணிக்குத் தீர்ந்தால் தீர்ந்தது என்று போர்டைத் திருப்பிவிடுங்கள். அவியல் நிற்கிற பிரச்சினை அங்கேயே முடிந்தது. போர்டில் ‘கேரளா’ என்றும் போட வேண்டாம், ‘சவுத் இந்தியன்’ என்றும் போட வேண்டாம். நாஞ்சில் நாட்டுச் சாப்பாடு என்று தமிழில் எழுதி, கீழே இந்தியிலும் குஜராத்தியிலும் எழுதுங்கள். இந்தியில் எழுதினால் நம்ம ஆட்கள் சிலர் குதிப்பார்கள், குதிக்கட்டும், சோறு விற்க வேண்டுமே.

பிரதமனா, பால் பாயசமும் போளியுமா என்று ஒரு சண்டை கட்டாயம் வரும். கல்குளம்காரர்களும் தோவாளைக்காரர்களும் அதைத் தீர்த்துக்கொள்ளட்டும், என்னை விட்டுவிடுங்கள். கடை போட யாருக்காவது தைரியம் இருந்தால் உள்பெட்டியில் வாருங்கள். வடசேரிப் பக்கம் ஒரு தவசிப்பிள்ளை, அதாவது பந்திச் சமையல்காரர், இருக்கிறார். கல்யாண சீசன் இல்லாத மாதங்களில் சும்மாதான் இருக்கிறார், தீயல் பதத்தை மணத்திலேயே சொல்லிவிடுவார். ஆனால் சம்பளம் பேசும்போது தேங்காய் விலையைச் சொல்லி அழாதீர்கள், அவருக்குப் பிடிக்காது.