பெஸ்ட் ரெசிடென்ட் சர்டிஃபிகேட் யாருக்குய்யா வேணும்

ஜூலை 1 வந்தா போதும், டாக்டர்ஸ் டேன்னு, அந்த நாளுக்குக் காரணமான டாக்டர் பி.சி.ராய் படத்துக்கு ஒரு மாலை, ஒரு கேக், அப்புறம் "பெஸ்ட் ரெசிடென்ட் யாருன்னு நீங்களே ஓட்டு போடுங்க"ன்னு, ஆஸ்பத்திரில மேல்படிப்பு படிச்சுக்கிட்டே வேலை பாக்குற பிஜி டாக்டருங்க எங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒரு கூகுள் ஃபார்ம். பர்ன்அவுட்டை, அதான் வேலை பாத்துப் பாத்து ஓஞ்சு போறதை, குறைக்கிறதுக்காம்! கூட வேலை பாக்குறவங்க பாராட்டினா தெம்பு வந்துடுமாம். யோவ், தெம்பு தூங்குனாத்தான்யா வரும்.

கோ-பிஜி, அதாவது கூடப் படிக்கிற பிஜி, பாராட்டு வேணாம்னு சொல்லல, இந்த மூணு வருஷத்தை ஓட்ட வைக்கிறதே அதுதான். போன அட்மிஷன் டேல கிட்னி ஃபெயிலியர் தாத்தா ஒருத்தர், ஈசிஜில டி வேவ்ங்கற அலை ஊசி மாதிரி குத்திட்டு நிக்குது, ரத்தத்துல பொட்டாசியம் எகிறிடுச்சுங்கறதுக்கு அடையாளம், என் கோ-பிஜிதான் கவனிச்சா, பொட்டாசியம் ரிப்போர்ட் வரட்டும்னு உக்காந்திருக்காம கால்சியம் குளுக்கோனேட் போட்டு, இன்சுலின் டெக்ஸ்ட்ரோஸ் ஓடவிட்டு, டயாலிசிஸ் டெக்னீஷியனைத் தூக்கத்துலேர்ந்து எழுப்பி, விடியறதுக்குள்ள ஆளைத் தேத்திட்டா. காலைல ரவுண்ட்ஸ்ல என்ன கேட்டாங்க தெரியுமா? "யூரின் அவுட்புட் சார்ட் ஏம்மா எழுதல?" அவ்ளோதான். தாத்தா உக்காந்து இட்லி சாப்பிட்டுட்டிருக்காரு, அது ஒருத்தர் கண்ணுலயும் படல. இதே அவர் போயிருந்தா டெத் ஆடிட்ல, அதான் சாவுக்குக் காரணம் அலசுற மீட்டிங்ல, பேர் சொல்லி நிக்க வெச்சிருப்பாங்க.

நாங்க என்ன புதுசாவா கேக்குறோம்? ஜூனியர் ரெசிடென்ட்டுக்கு, அதாவது எங்களை மாதிரி பிஜிக்கு, வாரம் 48 மணி நேரம், ஒரே மூச்சுல 12 மணி நேரத்துக்கு மேல கூடாதுன்னு 1992லயே மத்திய அரசு எழுதி வெச்சாச்சு. 2023 என்எம்சி (தேசிய மருத்துவ ஆணையம்) விதில அது "நியாயமான வேலை நேரம்"னு கொழகொழன்னு ஆயிடுச்சு, எவ்வளவு நியாயம்னு யூனிட் சீஃப் சொல்றதுதான் கணக்கு. 2024ல அதே என்எம்சியோட டாஸ்க் ஃபோர்ஸ் எடுத்த சர்வேலயே பிஜிகள்ல 45 சதவீதம் பேர் வாரம் 60 மணி நேரத்துக்கு மேல வேலை பாக்குறோம்னும், 56 சதவீதம் பேர் வார லீவே கிடைக்கலன்னும் சொல்லியிருக்காங்க. இதுக்கு மருந்து ஒரு கேக்காம்!

சரின்னு என் ஓட்டை அந்த கோ-பிஜிக்கே போட்டேன், ஜெயிச்சும் தொலைச்சா. பேரைக் கூப்பிடுறாங்க, ஆள் இல்ல, ஏன்னா நைட் டூட்டி முடிச்ச கையோட வார்டுல டிஸ்சார்ஜ் சம்மரி எழுதிட்டிருக்கா. உடனே மைக்ல "பாருங்க, டெடிகேஷன்னா இதுதான்"ங்கறாங்க, கைதட்டல் வேற. ரிலீவ் பண்ண ஆள் போடலய்யா நீங்க!